சாய்வு சீட்டும் பின்சீட்டு முழங்காலும்

போன வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போனேன்.

'போனேன்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். பெட்ரோலுக்குக் கண்ட்ரோல் வந்த பிறகு பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும், அது ஒரு வார்த்தையில் அடங்குகிற சமாசாரமா என்று! பஸ்ஸின் முதுகில் ஆளுயரத்துக்கு ஒரு கரி அடுப்பு. அது பற்றி, புகைந்து, கேஸ் உண்டாகி, அந்த கேஸுக்கும் மனசு வந்தால் வண்டி நகரும். யுத்தம் எங்கேயோ நடக்கிறது. கரி மட்டும் நம் சட்டையில் விழுகிறது.

நாமக்கல்லில் என் மைத்துனிக்கு வளைகாப்பு. மனைவியும் நானும் காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டோம். அவள் பெண்கள் பெஞ்சில் ஜன்னலோரமாக இடம் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கிடைத்தது இரண்டாவது வரிசைப் பலகை பெஞ்சு.

இங்கே அந்த ஸ்பெஷல் சீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இந்த பஸ்ஸின் முதலாளி எந்த ஏலத்திலோ ஒரு மெத்தை நாற்காலி எடுத்திருக்கிறார். பக்கவாட்டில் ஒரு லீவர். அதை இழுத்தால் நாற்காலியின் முதுகு பின்னால் சாயும். பார்த்தார் மனுஷர். டிரைவருக்குப் பின்னால் முதல் வரிசையில் அதை ஆணி போட்டு முடுக்கி, 'ஸ்பெஷல்' என்று சிவப்பு பெயின்டில் எழுதி, கூடுதல் சார்ஜும் வைத்துவிட்டார். எல்லாம் சரி... நாற்காலி சாய்வதற்கு இடம் வேண்டாமா? அதை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? பின்னால் உட்காருகிறவனின் முழங்காலிலிருந்து!

நல்ல வேளை, அந்த முழங்கால் என்னுடையது அல்ல. எனக்கு முன்னால் ஒரு ஸ்டெப்னி டயர்தான் கிடந்தது. டயர் சாயாது. ஸ்பெஷல் சீட்டுக்கு நேர் பின்னால், எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பரமத்திப் பக்கத்துக் குடியானவர். நரைத்த மீசை, தலையில் உருமால் கட்டு. மடியில் வெள்ளை வேட்டியால் சுற்றிய ஏதோ ஒரு தட்டையான பொருள். சின்ன ஜன்னல் கதவு அகலம் இருக்கும். அதை நெட்டுக்குத்தாக நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க அது?" என்று கேட்டேன்.

"சாமானுங்க."

கண்டக்டர் வந்தார். "கவுண்டரே, அதக் குடுங்க, மேல கேரியர்ல போட்டுடறேன்."

"வேண்டாமுங்க. மடியிலேயே இருக்கட்டுங்க."

சொல்லிவிட்டுப் பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

பஸ் புறப்படுகிற சமயத்தில் ஸ்பெஷல் சீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். ராசிபுரத்து ஜவுளி வியாபாரி. கண்டக்டர், "வாங்க முதலாளி!" என்று கும்பிட்ட கும்பிடிலேயே அந்தஸ்து தெரிந்துவிட்டது. சில்க் ஜிப்பா, விரலில் மோதிரம். படியில் ஒரு காலை வைத்தார். நின்றார். மூச்சு விட்டார். மறு காலை வைத்தார். மறுபடியும் நின்றார். பணப்பெட்டி கனக்கக் கனக்க ஆளுக்கு நடை மெதுவாகும் போலும் என்று நானே ஒரு தத்துவம் கண்டுபிடித்து மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். இந்தப் பத்திக்கு ஆகுமே!

உட்கார்ந்தார். உட்கார்ந்த சூட்டோடு லீவரை இழுத்தார்.

தடால்!

"ஏனுங்க! ஏனுங்க! பின்னால ஆளு இருக்குதுங்க!" என்று குடியானவர் அலறினார். நாற்காலியின் முதுகு வந்து அவர் முழங்காலில் உட்கார்ந்திருந்தது. வேட்டி சுற்றிய சாமானைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"இருந்தா இருக்கட்டும்" என்றார் ஜவுளிக்காரர், திரும்பாமலே.

"சாமான் இருக்குதுங்க!"

"சாமானை மேலே போடறதுதானே?"

"போட முடியாதுங்க. சித்த நிமித்துங்க."

"நிமித்த முடியாது."

"சரிங்க, சாயுங்க. சாய வேண்டாங்கலீங்க. கொஞ்சமாச் சாயுங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

நல்ல கேள்வி! பெரிய பெரிய தகராறெல்லாம் இந்த ஒரு கேள்வியில்தானே நிற்கிறது? ஆனால் பதில் லீவரிடம் இருந்தது. அந்த லீவருக்குக் 'கொஞ்சம்' என்பதே தெரியாது. நின்றால் நெட்டுக்குத்து, விழுந்தால் மல்லாக்கு. இரண்டே நிலைதான்.

பஸ் கிச்சிப்பாளையம் தாண்டுவதற்குள் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. பின் பெஞ்சிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா எழுந்து நின்று, மேல்கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேஸை எடுத்துக்கொண்டார். "சீட்டு அவருடையது. ஒப்புக்கொள்கிறேன். சீட்டின் முதுகும் அவருடையது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முதுகு போய் இறங்குகிற இடம் யாருடையது? அதுதான் பாயிண்ட்!"

"லீவர் இருக்குதுங்களே" என்றார் கண்டக்டர். "இழுக்கறதுக்குத்தானுங்களே லீவர்?"

எனக்கும் நாக்கு அரித்தது. வாராவாரம் எழுதிப் பழகிய நாக்கு! அதோடு, நம் முழங்காலுக்கு ஆபத்து இல்லாதபோது நமக்கு நியாய உணர்ச்சி எவ்வளவு பலமாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நான் ஜவுளிக்காரர் பக்கம் குனிந்து ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். பொது இடத்தில் நாம் வாங்குவது உட்காரும் உரிமை. பக்கத்திலிருப்பவன் சௌகரியத்தை விலைக்கு வாங்க முடியாது. கடவுள் நம் முதுகில் கண் வைக்காததற்குக் காரணம் நாம் திரும்பிப் பார்க்கட்டும் என்பதுதான்... இப்படியெல்லாம். கடைசி வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது.

அவர் கண்ணை மூடியபடியே கேட்டார். "நீங்க பத்திரிகையில எழுதறவரோ?"

"ஆமாம்."

"எழுதிக்குங்க."

பஸ் சிரித்தது. குடியானவர் சிரிக்கவில்லை. அவர் கை வலித்திருக்க வேண்டும். சாமானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே எவ்வளவு தூரம் வருவது? மெல்ல அதைக் கீழே இறக்கி, நாற்காலி முதுகுக்கும் தன் மார்புக்கும் நடுவே நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. அப்போது பஸ் ஒரு குழியில் விழுந்து எழுந்தது. அவருக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு முழங்காலையும் சேர்த்து நாற்காலியை ஓங்கி ஓர் எத்து எத்தினார்.

ஜவுளிக்காரர் போட்டாரே ஒரு சத்தம்! "ஐயோ, அம்மா!"

கூச்சல் என்றால் சாதாரணக் கூச்சல் இல்லை. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பஸ் மறுபடியும் சிரித்தது. "மெத்தையில படுத்துக்கிட்டு என்ன நடிப்பு!" என்றார் குமாஸ்தா.

ஜவுளிக்காரரின் முகம் சிவந்தது. கண்ணில் நீர். கோபத்தில் லீவரைப் பிடித்து இழுத்து, நாற்காலியை நிமிர்த்தி, அந்த வேகத்திலேயே மறுபடியும் பின்னால் தள்ளினார்.

'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். கண்ணாடி விரிசல் விடுகிற சத்தம்.

குடியானவர் அந்தச் சாமானை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தார். பிரித்துப் பார்க்கவில்லை. திட்டவுமில்லை. வேட்டித் துணியின் மேல் விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"கண்ணாடியா அது?" என்று ஜவுளிக்காரர் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

குடியானவர் வேட்டி முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

மல்லூர் தாண்டி ஒரு மேடு வரும். பெட்ரோல் இருந்த காலத்தில் அப்படி ஒரு மேடு இருப்பதே தெரியாது. கரி கேஸ் வந்த பிறகு அது இமயமலை! பஸ் பாதி ஏறியது. இருமியது. நின்றேவிட்டது.

"எல்லாரும் எறங்குங்க சாமி! காலி வண்டியாத்தான் ஏறும்!" என்று கத்திவிட்டு, கண்டக்டர் பின்னால் போய்க் கரியைக் கிளற ஆரம்பித்தார்.

எல்லோரும் இறங்கினோம். கடைசியாக ஜவுளிக்காரர் இறங்கினார். அவர் இறங்குவதை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு... தரைக்கு வந்ததும் ஜிப்பாவெல்லாம் வேர்வை.

என் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். "பாவம், ஆபரேஷன் ஆகியிருக்கு" என்றாள்.

"யாருக்கு?"

"அந்த ஜவுளி முதலாளிக்குத்தான். எங்க பெரியப்பாவும் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்போ இப்படித்தான் நடந்தார். மூல வியாதி. நேரா உக்காந்தா உயிர் போயிடும். அதுக்காகத்தான் அந்த சீட்டு இருக்கிற பஸ்ஸா பார்த்து ஏறியிருக்கார்."

"வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"எதை? மூலம்னா? பஸ் நிறையப் பொம்பளைங்க உக்காந்திருக்கோம். எப்படிச் சொல்வார்?" என்றவள், என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "அது கிடக்கட்டும். உங்க முன்னால வெறும் டயர்தானே இருந்தது? அந்தப் பெரியவரை உங்க இடத்துல உக்காரச் சொல்லியிருந்தா சாமானை நிம்மதியா வெச்சிருப்பாரே. ஏன் இடத்தை மாத்திக்கலை?"

"அவர் கேட்கலையே."

"நீங்க பிரசங்கம் பண்ணினீங்களே, அதை யார் கேட்டாங்க?"

வாசகர்களே, இதற்கு உங்களுக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள். எனக்கு அங்கே தோன்றவில்லை.

ரோட்டோரத்தில் ஒரு வேப்பமரம். குடியானவர் அதன் நிழலில் போய்க் குந்தி, சாமானைத் தரையில் படுக்க வைத்து, வேட்டியைப் பிரித்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கறுப்புச் சட்டம் போட்ட பெரிய படம். ஒரு பெண்ணின் முகம். சேலைக்குப் பச்சை, நெற்றிப் பொட்டுக்குச் சிவப்பு என்று கலர் தீட்டியிருந்தார்கள். கண்ணாடியின் மேல்மூலையில் ஒரு கீறல் ஓடியிருந்தது. முகத்தைத் தொடவில்லை.

ஜவுளிக்காரர் அடி மேல் அடி வைத்து அந்த மரத்தடிக்குப் போனார். மறுபடியும் சண்டையோ என்று பயந்து நானும் இரண்டடி நகர்ந்தேன். காதும் கூடவே வந்தது.

"யாருங்க அது?"

"எம்பட சம்சாரமுங்க." குடியானவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "போயி ஒரு வருசமாச்சுங்க. நாளைக்குத் தலைதெவசமுங்க."

ஜவுளிக்காரர் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அவ ஒருக்காத்தானுங்க போட்டோ புடிச்சா. தேர்த் திருநாள்ல, சனத்தோட சனமா நின்னு. தல புளியங்கொட்ட அளவுக்குத்தானுங்க இருந்துது. அதக் குடுத்துச் சேலத்துல பெருசு பண்ணிக் கலர் அடிச்சு வாங்கிட்டு வாரனுங்க. கலர் இன்னும் சரியாக் காயலீங்க. மேல போட்டா வெயில்ல எளகிப் போயிருமுன்னு கடைக்காரரு சொன்னாருங்க."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லைங்க?"

"பஸ்ஸு பூராக் கேக்கறாப்புல எப்படீங்க சொல்றது? சொல்ல வாரப்பவே தொண்டைய அடைக்குதுங்க." இப்போதுதான் அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஜவுளிக்காரர் நின்ற நிலையைப் பார்த்தார். வேர்வையைப் பார்த்தார். "ஏனுங்க, உங்களுக்கு ஒடம்புக்கு ஆகலீங்களா?"

ஜவுளிக்காரர் பெண்கள் நிற்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். நாங்கள் அவசரமாக மலையைப் பார்த்தோம்.

"மூலமுங்களா?"

"ஆமாங்க. ஆபரேஷன். இன்னிக்குத்தான் வீட்டுக்கு விட்டாங்க."

"அடப் பாவமே! நான் முட்டியில எத்துனனுங்களே!"

"எத்துனீங்க" என்றார் ஜவுளிக்காரர். ரொம்ப நிதானமாக, ஒவ்வோர் எழுத்தையும் அனுபவித்தவர் சொல்வது போல.

அவர் பார்வை கண்ணாடிக் கீறலுக்குப் போனது. பிறகு ஜவுளிக்காரர் சொன்னார். "கண்ணாடிய நான் மாத்திக் குடுத்துடறேனுங்க. ராசிபுரத்துல நமக்குத் தெரிஞ்ச கடை இருக்குது."

"வேண்டாமுங்க. பொழுதோட ஊடு போய்ச் சேரோணும். மூஞ்சி தப்பிச்சுதுங்க. அது போதுமுங்க."

"பாம்! பாம்!" என்று ஹாரன் அடித்தது. கேஸ் பிடித்துவிட்டதாம்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஏறியதும் எல்லோருக்கும் முன்னால் என் இடத்தை அவருக்குக் கொடுத்துவிடுவது; அப்படியே இரண்டு பேருக்கும் சமாதானம் செய்துவைப்பது; சுருக்கமாக இரண்டு வார்த்தை பேசுவது. பேச்சைக்கூடத் தயார் செய்துகொண்டு ஏறினேன்.

அங்கே என் தயவு யாருக்கும் தேவைப்படவில்லை.

ஜவுளிக்காரர் ஸ்பெஷல் சீட்டில் உட்கார்ந்தார். குடியானவர் பின்னால் உட்கார்ந்து, நாற்காலி முதுகில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டார். "இப்ப இழுங்க" என்றார். அவர் லீவரை இழுக்க, இவர் அதைத் தடாலென்று விழவிடாமல் கையில் ஏந்தி, குழந்தையைத் தொட்டிலில் இடுவது போல மெல்ல மெல்ல இறக்கி, தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். பிறகு படத்தை எடுத்து முன்னால் நீட்டினார். ஜவுளிக்காரர் அதைத் தன் வயிற்றின் மேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வேணும்னா என் இடத்துக்கு வந்துடுங்களேன்" என்றேன் நான், எதற்கும் இருக்கட்டும் என்று.

"இல்லீங்க. நான் இங்கதானுங்க இருக்கோணும். சீட்டு குலுங்குனா அவருக்கு வலிக்குமுங்களே."

பஸ் மேட்டைத் தாண்டியது. சக்கரம் குழியில் விழும்போதெல்லாம் இவர் நாற்காலி முதுகைத் தாங்கிப் பிடித்தார். அவர் படத்தை மேலே தூக்கிக்கொண்டார். 'பாத்துங்க', 'பாத்துங்க' என்று மாறி மாறி ஒரே ஜபம். என் சட்டையில் கரி விழுந்துகொண்டிருந்தது. குமாஸ்தா கேஸ் கைவிட்டுப் போன துக்கத்தில் தூங்கிப் போனார்.

கொஞ்ச தூரம் போன பிறகு ஜவுளிக்காரர் படத்தைப் பார்த்தபடி கேட்டார். "என்ன சேலைங்க இது? நல்ல கரையா இருக்குதே?"

"கண்ணாலத்துக்கு எடுத்ததுங்க. பச்சையில்லீங்க, நெசத்துல அது ஊதாவுங்க. போட்டோக் கடைக்காரரு பச்சை அடிச்சுட்டாருங்க."

"ஊதாதான் எடுப்பா இருந்திருக்கும்."

"ஆமாங்க." குடியானவர் எதையோ நினைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். "அவ பஸ்ஸு ஏறுனதே இல்லீங்க. ஒருக்காச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, போங்கன்னு சொல்லிட்டே இருந்தா. காட்டு வேலை, மாட்டு வேலையின்னு தள்ளித் தள்ளிப் போயிருச்சு. இன்னிக்குத்தானுங்க மொதோ மொதலா வாரா. அதும் பாருங்க... ஸ்பெஷல் சீட்டுல."

ஜவுளிக்காரர் படத்தை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.

பெண்கள் பெஞ்சில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நான் திரும்பவில்லை. அது யார் என்று எனக்குத் தெரியும்.

ராசிபுரத்தில் ஜவுளிக்காரருக்கு வில்வண்டி வந்து நின்றது. வண்டி முழுக்கத் தலையணை. குடியானவரும் கண்டக்டரும் ஆளுக்கொரு கை கொடுத்து அவரை இறக்கினார்கள். படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நாளைக்கு என் பேரைச் சொல்லி ஒரு பூ வெச்சுடுங்க" என்றார்.

"வெக்கறனுங்க. கண்டிப்பா வெக்கறனுங்க" என்ற குடியானவர், அவர் இரண்டடி நடந்த பிறகு, பாசம் தாங்காமல் சத்தமாகக் கூப்பிட்டார். "ஏனுங்க! ஒடம்பப் பாத்துக்கோங்க! மூலத்துக்குக் காரம் ஆகாதுங்க! மோருஞ்சோறே உண்ணோணும்!"

அதுவரை காப்பாற்றி வந்த ரகசியம்! ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. ஜவுளிக்காரர் அந்த உடம்போடு வண்டியில் ஏறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

பஸ் புறப்பட்டது. ஸ்பெஷல் சீட்டு காலி. "சார், நாமக்கல் வரைக்கும் ஸ்பெஷலுக்கு ஆள் இல்லீங்க. சும்மா உக்காருங்க" என்று கண்டக்டர் எனக்குத் தாராளம் காட்டினார். உட்கார்ந்தேன். ஆஹா, மெத்தை! பலகை பெஞ்சில் அடிபட்ட இடுப்பு, 'சாய், சாய்' என்றது. கை தானாகவே லீவருக்குப் போனது.

ஆனால் நான் மற்றவர்களைப் போலவா? அன்றைக்குக் காலையிலிருந்து பார்த்த பாடம் என்ன? பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் மடியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாய்ந்தால் எந்தச் சண்டையும் இல்லை. அவ்வளவுதானே?

திரும்பினேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த குடியானவரைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, "ஏனுங்க, நான் கொஞ்சம் சாஞ்சுக்கட்டுங்களா?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கும் ஒடம்புக்கு ஆகலீங்களா?"

"எனக்கென்ன? நன்றாகத்தான் இருக்கிறேன்."

"அப்படீன்னா வேண்டாமுங்க" என்றார், அதைவிட மரியாதையாக.

பெண்கள் பெஞ்சில் ஒரு சிரிப்புச் சத்தம். அதுவும் யார் என்று எனக்குத் தெரியும்.

சாய்வதற்கு முன்னால் கேட்க வேண்டும், அதுதான் நாகரிகம் என்று எழுதத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். கேளுங்கள், அவசியம் கேளுங்கள்... ஆனால் கேட்டால் 'வேண்டாம்' என்றும் சொல்வார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு கேளுங்கள். நாமக்கல் வரை ஸ்பெஷல் சீட்டில் முதுகை நெட்டுக்குத்தாக வைத்துக்கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்!